நாள் வருவதற்குள் துளி ரத்தம் பட்டால் எப்போது கர்ப்ப டெஸ்ட் எடுப்பது?

கேள்வி, ஜூன் 28, 2023

அக்கா, எனக்கு மாதவிலக்கு முப்பது நாளுக்கு ஒருமுறை சரியாக வந்துவிடும். கடைசியாக ஜூன் 2 வந்தது, அடுத்து ஜூலை 2 வரவேண்டும். ஆனால் 26ஆம் தேதி காலையில் உள்ளாடையில் பழுப்பாகக் கொஞ்சம் கறை. 27ஆம் தேதி துடைக்கும்போது மட்டும் லேசாகச் சிவப்பு. நாப்கின் வைக்கும் அளவுக்கு இல்லை, அப்புறம் நின்றுவிட்டது. "சீக்கிரமே வந்துடுச்சு, இந்த மாசமும் இல்ல" என்கிறார் அத்தை. யூடியூபில் பார்த்தால் அது கரு பதியும்போது வரும் ரத்தம், நல்ல செய்தி என்கிறார்கள். இன்று காலை கிட் வாங்கிப் பார்த்தேன், ஒரே கோடு. கல்யாணமாகி இரண்டு வருடம். யார் சொல்வதை நம்புவது?

ஜூன் 28, இரவு

அத்தை சொல்வது, யூடியூப் சொல்வது இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இரண்டு பேரும் கறையை வைத்துப் பேசுகிறார்கள். கறையை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நான் லேப் டெக்னீஷியன், இந்தக் கேள்வியோடு லேப்புக்கு வராத வாரம் கிடையாது.

தேதியைப் பாருங்கள். ஜூலை 2 வரவேண்டியவருக்கு முட்டை வெளியாவது சுமாராக ஜூன் 18. வரவேண்டிய நாளிலிருந்து பதினான்கு நாள் பின்னோக்கி எண்ண வேண்டும். போன மாதவிலக்கிலிருந்து பதினான்கு நாள் முன்னோக்கி எண்ணுவது இருபத்தெட்டு நாள்காரர்களுக்கு மட்டும்தான் சரிப்படும். கரு உருவாகியிருந்தாலும் அது கர்ப்பப்பைச் சுவரில் போய்ப் பதிய இன்னும் எட்டு முதல் பத்து நாள் பிடிக்கும். பதிந்த பிறகுதான் ஹெச்சிஜி என்ற ஹார்மோன் ரத்தத்துக்கு வரும், அங்கிருந்து சிறுநீருக்கு வரும். கிட் தேடுவது அதைத்தான். முட்டை வெளியாகி இன்றைக்கு உங்களுக்குப் பத்தாவது நாள். இன்று பார்த்த ஒற்றைக் கோட்டை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஜூலை 2 வராவிட்டால் 4ஆம் தேதி காலை பாருங்கள். அன்றும் ஒற்றைக் கோடு, மாதவிலக்கும் வரவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு மறுபடியும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஜூன் 26ஐ மாதவிலக்கு என்று எங்கேயும் குறித்து வைக்காதீர்கள். யார் கேட்டாலும் உங்கள் கடைசித் தேதி ஜூன் 2தான். ஏன் என்று பிறகு எழுதுகிறேன், இப்போது மணி பதினொன்று ஆகிவிட்டது.

ஜூன் 29

கரு பதியும்போது ரத்தம் வருவது பற்றிக் கீழே நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள், ஒருவர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்த பெண்கள் தினமும் காலை சிறுநீரைச் சேமித்துக் கொடுத்தார்கள். ரத்தம் பட்டதா இல்லையா என்று நாள்தோறும் குறிப்பும் எழுதினார்கள். முட்டை வெளியான நாள், ஹெச்சிஜி முதலில் தலைகாட்டிய நாள் இரண்டும் அதிலிருந்து கிடைத்தன. நிலைத்த கர்ப்பங்களில் 84 சதவீதம் பதிந்தது முட்டை வெளியாகி எட்டு, ஒன்பது, பத்தாம் நாட்களில். மிக முந்தியது ஆறாம் நாள், மிகப் பிந்தியது பன்னிரண்டாம் நாள். இது 1999இல் வெளிவந்தது.

அதே குறிப்புகளை வைத்து 2003இல் இன்னொரு கட்டுரை வந்தது. 151 கர்ப்பங்களில் முதல் எட்டு வாரத்துக்குள் ரத்தம் பட்டது 14 பேருக்கு. நூற்றுக்கு ஒன்பது பேர். அந்த ரத்தமும் பெரும்பாலும் மாதவிலக்கு வரவேண்டிய நாட்களை ஒட்டித்தான் வந்திருக்கிறது. கரு பதிந்த அதே நாளில் வந்தது அபூர்வம். அந்தப் பதினான்கில் பன்னிரண்டு கர்ப்பங்கள் குழந்தை பிறப்பு வரை போயின.

ஆகவே, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தம் படும் என்பது உண்மை. பட்டாலும் பெரும்பாலும் கர்ப்பம் நிலைக்கும், அதுவும் உண்மை. ஆனால் "இது பதியும் ரத்தம்" என்று நாளையும் நிறத்தையும் வைத்துச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. பழுப்பு என்றால் கொஞ்சம் பழைய ரத்தம், மெதுவாக வெளியே வந்திருக்கிறது. நிறம் சொல்வது அந்த அளவுதான்.

சண்டைக்கு வந்த தங்கைக்கு: உங்களுக்கு அப்படித்தான் வந்தது, குழந்தையும் பிறந்தது என்கிறீர்கள், நம்புகிறேன். அதே மாதிரி கறை பட்டு அடுத்த வாரமே மாதவிலக்கு வந்தவர்கள் அதைப் பற்றி எங்கேயும் எழுத மாட்டார்கள். நமக்குக் காதில் விழுவது ஒரு பக்கத்துக் கதைதான்.

ஜூன் 29, மதியம்

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜூலை 4 என்று சொன்னேன், ஏன் 2ஆம் தேதியே பார்க்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார் ஒருவர். பார்க்கலாம். ஆனால் மாதவிலக்கு வரவேண்டிய முதல் நாளில் பத்துக் கர்ப்பங்களில் ஒன்று இன்னும் பதிந்தே இருக்காது. இதுவும் வில்காக்ஸ் குழு கண்டதுதான். எவ்வளவு உயர்ந்த கிட்டாக இருந்தாலும் இல்லாத ஹார்மோனைக் காட்டாது. ஒரு வாரம் தள்ளினால் நூற்றில் 97 தெரிந்துவிடும். காத்திருக்க முடிந்தவர்கள் ஒரு வாரம் காத்திருங்கள். இரண்டு வருடமாக எதிர்பார்ப்பவரிடம் ஒரு வாரம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் 4ஆம் தேதி.

ஜூன் 30

கிட் பற்றி. பிரெகா நியூஸ், ஐ-கேன், வெலோசிட், சுகாதார நிலையத்தில் தரும் நிஷ்சய் எல்லாம் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். விலை கூடினால் பதில் முந்தி வராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் காசில்லாமலே பார்த்துச் சொல்வார்கள்.

உறையைப் பிரித்தால் வெள்ளைப் பட்டை, ஒரு சின்ன பிளாஸ்டிக் துளிக்குழாய், கூடவே ஈரம் உறிஞ்சும் ஒரு பொட்டலம் இருக்கும். பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். பட்டையின் ஒரு முனையில் வட்டக் குழி, பக்கத்தில் எஸ் என்ற எழுத்து. உறையில் எத்தனை சொட்டு என்று போட்டிருக்கிறதோ அத்தனை சொட்டு சிறுநீரை அந்தக் குழியில் விடுங்கள், பெரும்பாலும் மூன்று. ஊற்றக் கூடாது. ஊற்றினால் ஈரம் ஜன்னல் வரை வழிந்து ஒன்றுமே தெரியாமல் போகும். பட்டையைச் சமமான இடத்தில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஈரம் ஏறுவதும் பின்னணி லேசாகச் சிவந்து வெளுப்பதும் கண்ணுக்குத் தெரியும். சி என்ற இடத்தில் கோடு வந்தே ஆகவேண்டும். அது வராவிட்டால் கிட் கெட்டுப்போனது, டி பக்கம் என்ன தெரிந்தாலும் கணக்கில்லை. டி பக்கம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி, நேரத்துக்குள் நிறத்தோடு கோடு தெரிந்தால் ஹார்மோன் இருக்கிறது.

மங்கலான கோட்டை டியூப்லைட்டுக்கு அடியில் பார்க்காதீர்கள். லேப்பில் நாங்கள் ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்போம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆன பட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று வந்திருக்கலாம், அது காய்ந்ததால் வந்த தடம். குப்பைக் கூடையிலிருந்து சாயங்காலம் எடுத்துப் பார்த்து இரண்டு கோடு இருக்கிறதே என்று ஓடி வருகிறவர்கள் உண்டு. அவர்கள் முகத்தைப் பார்த்து "இது கணக்கில்லை" என்று சொல்வதுதான் எங்கள் வேலையில் ரொம்பக் கஷ்டம்.

வண்டி சீட்டுக்கு அடியில் வெயிலில் கிடந்த கிட் வேண்டாம். காலாவதித் தேதி பாருங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் நல்லது. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு எடுத்தால் நீர்த்துப்போய், தொடக்க நாட்களில் இருப்பதும் தெரியாமல் போகலாம்.

ஜூன் 30, இரவு

பற்பசை, சர்க்கரை, உப்பு, சோப்பு வைத்துப் பார்க்கும் வீடியோக்களை அனுப்பி, இதெல்லாம் நிஜமா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. பற்பசையில் இருக்கும் கால்சியம் கார்பனேட் புளிப்பான எந்தத் திரவம் பட்டாலும் நுரைக்கும். வீட்டு ஆண்களின் சிறுநீரை வைத்துப் பாருங்கள், அதற்கும் நுரைக்கும்.

ஆனால் சிறுநீரில் தேடுவது ஒன்றும் புதிது இல்லை. பழைய எகிப்தில் கோதுமையிலும் வாற்கோதுமையிலும் சிறுநீரை விட்டு முளைக்கிறதா என்று பார்த்தார்கள். 1920களின் கடைசியில் ஜெர்மனியில் ஆஷ்ஹைம், சோண்டெக் இருவரும் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அதற்கு எலியைக் கொன்றுதான் விடை தெரிந்துகொள்ள முடியும். அடுத்து ஆப்பிரிக்கத் தவளை வந்தது. ஊசி போட்ட மறுநாளைக்குள் தவளை முட்டையிட்டால் கர்ப்பம். தவளை சாக வேண்டியதில்லை, திரும்பவும் உதவும் என்பதால் ஆஸ்பத்திரிகளில் தொட்டி கட்டி வளர்த்தார்கள். பயிற்சியில் இருந்தபோது எங்கள் மேடம் இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. எனக்கு இன்றைக்கும் அந்தத் தவளைகள் மேல் ஒரு மரியாதை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கிட்டை 1967இல் வடிவமைத்தவர் மார்கரெட் கிரேன் என்ற பெண். மருந்துக் கம்பெனியில் அவர் வேலையே வேறு, அழகுசாதனப் பெட்டிகளை வடிவமைப்பது. தன் உடம்பைப் பற்றிய விடை முதலில் தன் கைக்கே வரவேண்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜூலை 1

முட்டை ஒழுங்காக வெளியாகாத பிசிஓஎஸ் இருக்கிறது, 45 நாள், 60 நாள், சில சமயம் மூன்று மாதம், "வரவேண்டிய நாள்" என்றே ஒன்று எனக்கில்லை என்று எழுதியிருக்கும் தங்கைக்கு.

உங்களைப் போன்றவர்கள் மாதவிலக்கிலிருந்து எண்ணவே வேண்டாம். கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். அன்றைக்கு ஒற்றைக் கோடு என்றால் அந்தச் சேர்க்கையால் கர்ப்பம் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கவனத்தில் வைக்க வேண்டிய ஒன்று: நடுவில் திட்டுத்திட்டாகக் கறை பட்டால் அதை "வந்துவிட்டது" என்று எழுதிவிடுவீர்கள், நிஜமாகவே நாள் தள்ளிப்போயிருந்தால் அது தெரியாமலே இரண்டு மாதம் ஓடிவிடும். பிசிஓஎஸ் என்றால் குழந்தையே வராது என்று யாரோ சொன்னதை நம்பி, நான்காம் மாதம் வயிறு தெரிந்த பிறகு லேப்புக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 2

முதல் நாள் பாதியில் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஏன் ஜூன் 26ஐக் குறிக்கக் கூடாது?

எனக்கு இரண்டாவது குழந்தை உண்டான மாதம், நாள் வரவேண்டிய அன்றே ரத்தம் பட்டது. ஒரு நாள், மறுநாள் பாதி. எங்கள் வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மளிகைக்கடை மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி எல்லாம் அதில்தான். மாதவிலக்குக்கு ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். அன்றைக்குப் பேனாவை எடுத்துவிட்டேன், ஆனால் வழக்கமாக மூன்று நாள் ஓடும் எனக்கு இது அந்தக் கணக்கில் சேரவில்லை என்று தோன்றியது. புள்ளிக்குப் பதிலாகப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பத்து நாள் கழித்துக் கிட்டில் பார்த்தால் டி கோடு சி கோட்டைவிட அழுத்தமாக இருந்தது. ஸ்கேனில் டாக்டர் "கடைசியா எப்ப குளிச்சீங்க" என்று கேட்டபோது இரண்டு தேதியையும் சொன்னேன். சிசுவின் நீளத்தை அளந்து பார்த்துவிட்டு, "முந்தின தேதிதான் பொருந்துது" என்றார்.

உங்கள் தேதியையே எடுத்துக்கொள்வோம். கர்ப்பமாக இருந்து, ஜூன் 2 என்று சொன்னால், பதினோராம் வாரத்துக்கும் பதினான்காம் வாரத்துக்கும் இடையில் செய்யும், சிசுவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரை அளக்கும் என்டி ஸ்கேன் உங்களுக்கு ஆகஸ்ட் 18 முதல் செப்டம்பர் 7 வரை. ஜூன் 26 என்று சொல்லிவிட்டால், "செப்டம்பர் 11க்கு மேல் வாங்க" என்பார்கள். நீங்கள் போகும்போது அந்த ஸ்கேன் செய்யும் காலமே முடிந்திருக்கும். பிரசவத் தேதியும் மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போகும். முதலிலேயே ஒரு ஸ்கேன் எடுத்தால் இந்தக் குழப்பம் சரியாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் நம் பக்கம் மூன்றாம் மாதம் வரை வெளியே சொல்லாமல் இருந்துவிட்டு அப்புறம்தானே முதல் ஸ்கேனுக்கே போகிறார்கள்.

அத்தையிடம் சண்டை போட வேண்டாம். "டாக்டர் ஜூன் 2 தேதியைத்தான் எழுதச் சொன்னாங்க" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் காலத்தில் கிட் கிடையாது, தலைக்கு ஊற்றிக்கொள்வது ஒன்றுதான் கணக்கு.

ஜூலை 3

குழந்தைக்காக எழுதுபவர்களே அதிகம் என்பதால் மற்றவர்களுக்கும் கொஞ்சம்.

நடுவில் ரத்தம் படக் கர்ப்பம் மட்டுமே காரணம் இல்லை. முட்டை வெளியாகும் நாளில் சிலருக்கு ஒரு துளி படும். காப்பர் டி போட்ட முதல் சில மாதம் படும். அரசு ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசிக்குத் திட்டுத்திட்டாகப் படுவது ரொம்பச் சாதாரணம், ஊசியை நிறுத்திவிட்டு வருபவர்களில் பாதிப் பேர் இதற்குப் பயந்துதான் நிறுத்தியிருப்பார்கள். சாயா என்ற வாரக் கருத்தடை மாத்திரைக்கு நாள் தள்ளும். கருத்தடை மாத்திரையை இரண்டு நாள் மறந்தாலும் படும். அவசர மாத்திரை போட்ட வாரத்தில் பட்டால் "மாத்திரை வேலை செய்துவிட்டது" என்று அர்த்தம் இல்லை. அடுத்த மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும். தைராய்டு, கர்ப்பப்பை வாயில் சின்ன சதை வளர்ச்சி, தொற்று, இவையும் உண்டு.

சேர்ந்த பிறகு ஒவ்வொரு முறையும் ரத்தம் படுகிறது, மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் படுகிறது, இந்த இரண்டில் எது இருந்தாலும் கிட்டைத் தேடாதீர்கள், நேரே மருத்துவரிடம் போய்க் கர்ப்பப்பை வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வெட்கப்பட்டு வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட பெண்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வரும்.

நாற்பது தாண்டியவர்கள் "நிற்கப் போகிறது, அதனால்தான் தாறுமாறு" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கிட் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஜூலை 4, காலை

எழுதிவிட்டீர்கள்! இரண்டாம் கோடு மங்கல், ஆனால் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நிறத்தோடு இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறதம்மா.

இப்போதே ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லுங்கள். ஃபோலிக் ஆசிட் போடாமல் இருந்தால் இன்றே ஆரம்பியுங்கள். தலைவலி மாத்திரை, முகப்பரு மாத்திரை எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லாமல் போடாதீர்கள்.

ஜூலை 4, இரவு

மறுபடியும் பழுப்பாகப் பட்டிருக்கிறது என்று எழுதியதைப் பார்த்தேன். வலி இல்லை, தலைச்சுற்றல் இல்லை என்கிறீர்கள். முதல் மூன்று மாதத்தில் நாலில் ஒரு பெண்ணுக்கு ஏதோ ஒரு அளவில் ரத்தம் படுகிறது, பெரும்பாலோருக்கு எல்லாம் நல்லபடியாகவே போகிறது. ஆனால் காலையில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அதே ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் பீட்டா ஹெச்சிஜி டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். ஒருமுறை எடுத்தால் போதாது. நாற்பத்தெட்டு மணி நேரம் விட்டு இன்னொரு முறை, அதே லேப்பில். இரண்டு நாளில் பெரும்பாலும் இரட்டிப்புக்குப் பக்கத்தில் ஏறும். குறைந்தது பாதியளவாவது கூட வேண்டும். ஒரே எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கூகுளில் தேடினால் அலைச்சல்தான் மிச்சம், ஏனென்றால் அதே நாளில் ஒருவருக்கு 50, இன்னொருவருக்கு 300 இருக்கும், இரண்டும் சரியாக இருக்கும்.

உங்கள் ரத்த வகை தெரியுமா? நெகட்டிவ் என்றால் ரத்தம் பட்ட விஷயத்தோடு அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தாய்க்கும் குழந்தைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாமல் வரும் சிக்கலைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

ஜூலை 5

பயமுறுத்த இதை எழுதவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியாது.

சில வருடம் முன்பு எங்கள் லேப்புக்கு ஒரு பெண் வந்தார். கிட்டில் இரண்டு கோடு, கூடவே நாலைந்து நாளாகத் துளித்துளியாக ரத்தம். "கலைஞ்சு போச்சு போல, உறுதி பண்ணிக்கலாம்னு வந்தேன்" என்றார். பெஞ்சில் வலது இடுப்பை ஒரு கையால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ரத்தம் எடுக்கக் கையைக் கட்டும்போது நாடி ஓடிய வேகம் என் விரலுக்கே தெரிந்தது. தோள்பட்டையும் வலிக்கிறது, துணி துவைத்ததால் இருக்கும் என்றார். எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரிசல்டுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து அனுப்பினோம். கருக்குழாயில் கர்ப்பம், வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்திருந்தது. அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை. பிழைத்தார்.

வெளியே வந்தது துளி ரத்தம்தான். உள்ளே போனதுதான் அதிகம். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால் தோள்பட்டை நுனியில் வலிக்கும் என்பதை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள் வலி, மயக்கம், ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனையும் அளவு ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரி. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படிக் குழாயில் தங்கும். கிட்டுக்கு இடம் தெரியாது, இரண்டு கோடு அப்படியே வரும். இடத்தைச் சொல்வது ஸ்கேன் மட்டும்தான்.

இதனால்தான் கேட்கிறேன், இரண்டு கோடு பார்த்ததும் கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். வேண்டாம் என்று முடிவெடுப்பது உங்கள் உரிமை, அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழாயில் இருக்கும் கர்ப்பத்தை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. ரத்தம் பட்டதும் வேலை முடிந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள், ஆபத்தே அதில்தான்.

ஜூலை 6

பெயர் சொல்லாமல், கல்யாணம் ஆகவில்லை என்று மட்டும் சொல்லி ஒரு பெண் எழுதியிருக்கிறார். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

தனியாக எண்ணிக்கொண்டு நடுங்க வேண்டாம். 21 நாள் கணக்கு உங்களுக்கும் அதேதான். மருந்துக்கடையில் கிட் கேட்டால் யாரும் அடையாள அட்டை கேட்க முடியாது. உள்ளூர்க் கடையில் கூச்சமாக இருந்தால் ஆன்லைனில் வரும், அல்லது பஸ் ஏறி அடுத்த ஊர்க் கடைக்குப் போங்கள். இரண்டு கோடு வந்தால் மருத்துவரிடம் போகப் பயப்படாதீர்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, கருக்கலைப்புச் சட்டத்தில் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் கிடையாது. பதினெட்டு வயது முடிந்திருந்தால் உங்கள் கையெழுத்து மட்டும் போதும். உங்கள் பெயரைக் காப்பது மருத்துவரின் கடமை, சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு ஆளையாவது கூட அழைத்துப் போங்கள், அக்காவோ தோழியோ.

ஜூலை 8

48 மணி நேரத்தில் பீட்டா ஹெச்சிஜி 212இலிருந்து 431. நல்ல ஏற்றம். ரத்தமும் நின்றுவிட்டது என்கிறீர்கள். இனிமேல் தினமும் கிட் வாங்கிக் கோடு அழுத்தமாகிறதா என்று பார்க்க வேண்டாம், காசுக்குக் கேடு. கோட்டின் அழுத்தத்தை வைத்துக் கர்ப்பத்தின் வளர்ச்சியை அளக்க முடியாது, அன்றைக்குக் குடித்த தண்ணீரைப் பொறுத்தும் அது மாறும்.

ஸ்கேனுக்கு அவசரப்பட்டு இந்த வாரமே போனால் கருவைச் சுற்றிய பை மட்டும் தெரியலாம், அதுவும் தெரியாமல் போகலாம், அழுதுகொண்டு வருவீர்கள். வலி ஏதும் இல்லாவிட்டால் ஜூலை 19 வாக்கில் போங்கள், ஏழாம் வாரத்தை நெருங்கும்போது இதயத் துடிப்பு பெரும்பாலும் தெரிந்துவிடும். வலி வந்தால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை, உடனே.

ஜூலை 9

சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றியது, ஒரு வரியில் முடியாது போலிருக்கிறது.

முட்டை வெடிக்க ஊசி போட்டிருப்பார்கள். அந்த ஊசியே பெரும்பாலும் ஹெச்சிஜிதான். போட்ட பத்துப் பதினான்கு நாளைக்குள் கிட்டில் பார்த்தால் ஊசி மருந்தே இரண்டு கோடு காட்டிவிடும், கர்ப்பம் இல்லாமலே. டாக்டர் எந்தத் தேதிக்கு வரச்சொன்னாரோ அன்றைக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அதற்கு முன் பார்க்காதீர்கள். அடுத்து, புரோஜெஸ்டிரான் மாத்திரை போடும்போது கர்ப்பம் இல்லாவிட்டாலும் நாள் தள்ளும். நாள் தள்ளியதே நல்ல அடையாளம் என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம். அதே மாத்திரை உள்ளே வைக்கும் வகையாக இருந்தால் கர்ப்பப்பை வாய் உறுத்தி லேசாகப் படவும் செய்யும். படுகிறதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், போன் செய்து கேளுங்கள்.

ஜூலை 20

துடிப்பு தெரிந்தது என்று நேற்று இரவு எழுதியிருந்தீர்கள், வேலையில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். ஸ்கேன் அறிக்கையில் ஆறு வாரம் ஐந்து நாள் என்று போட்டிருக்கிறது, ஜூன் 2 கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் எந்த ஸ்கேனில் தேதி மாறினாலும் இதைத்தான் காட்ட வேண்டும். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவு எண்ணையும் வாங்கிவிடுங்கள், பன்னிரண்டு வாரம் முடிவதற்குள் பதிவது நல்லது. அப்போதும் கடைசி மாதவிலக்குத் தேதி கேட்பார்கள். ஜூன் 2.

ஜூலை 21

மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன், காலை ஏழு மணிக்குத்தான் படுக்கிறேன், "காலை முதல் சிறுநீர்" எனக்கு எப்போது என்று கேட்ட தங்கைக்கு: நீண்ட நேரம் தூங்கி எழுந்ததும் போவதுதான் உங்களுக்கு முதல் சிறுநீர், மதியம் மூன்று மணியாக இருந்தாலும் சரி. தூக்கம் சரியாக இல்லாத நாளாக இருந்தால் நாலு மணி நேரம் போகாமல் இருந்து, நிறையத் தண்ணீர் குடிக்காமல் எடுங்கள். ஷிப்ட் மாறும் வாரங்களில் மாதவிலக்கே முன்பின்னாக வரலாம், அதனால் நீங்களும் 21 நாள் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.